முன் இருக்கை

உளவியல் படிக்கிறவள் எதிரில் இருப்பவரின் மனசுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிடுவாள் என்பது ஜாசின் மக்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. செலினா ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போனால் பாட்டுக் குழுப் பெண்கள், "ஏய், இவ முன்னால ஒண்ணும் நெனச்சிடாதீங்க லா" என்று கிண்டல் செய்வார்கள். ஒரு கல்யாண வீட்டில் தூரத்து உறவு அங்கிள் ஒருவர் அவளைத் தனியாக அழைத்து, தன் மருமகளுக்கு என்ன கோளாறு என்று கேட்டார். மருமகளை நான் பார்த்ததே இல்லையே என்றாள். "என்னைப் பாத்தே சொல்ல முடியாதா?" என்றார். முகம் தெரியாத அந்த மருமகள்மேல் செலினாவுக்கு இரக்கம் வந்தது.

அந்த ஹானர்ஸ் படிப்பில் மனசைவிடப் புள்ளிவிவரம்தான் அதிகம் என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? அவளுமே விரும்பிச் சேர்ந்த படிப்பில்லை. பள்ளியில் ஆறாம் படிவம் முடித்ததும் கணக்கியல் படிக்கத்தான் ஆசை. ஆயர் கெரோவில் நடந்த கல்விக் கண்காட்சிக்கு அப்பாதான் கூட்டிக்கொண்டு போனார். கூடம் கூடமாகச் சுற்றிவிட்டு, உளவியல் என்று எழுதியிருந்த மேசையின் முன்னால் நின்றுவிட்டார். அங்கிருந்த பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஞாபகம், மறதி, இதப் பத்தியெல்லாம் சொல்லித் தருவாங்களா, மிஸ்?"

அதற்கென்றே தனியாகப் பாடம் உண்டு என்று அந்தப் பெண் சொன்னதும் செலினா பக்கம் திரும்பி, "இதையே எடு மா" என்றார். எதற்குமே மகளைக் கட்டாயப்படுத்தாத மனிதர் அன்றைக்கு மட்டும் பிடிவாதம் பிடித்தார். பேரம் பேசுகிற இடத்தில் எல்லாம் முதல் கடையிலேயே வாங்கிவிடுகிறவர், இதிலும் அப்படித்தான் என்று செலினா நினைத்துக்கொண்டாள்.

அப்பா அம்புரோஸ், தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுபவர். மதிய ஷிஃப்டுக்குப் போகிற பெண்களைச் செர்காமிலும் ஜாசின் பக்கத்துத் தோட்டங்களிலும் ஏற்றிக்கொண்டுபோய்ச் செங் தொழிற்பேட்டையில் இறக்குவார். முந்தைய ஷிஃப்டு முடித்தவர்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவார். இளவயதில், சுங்கை ஊடாங்கில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், கட்டுமான ஆட்களை ஏற்றிப்போகிற பேருந்தை ஓட்டியவர். கழுத்தில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு. கண்ணாடிக்கு மேலே ஒரு மாதா படம். பேருந்தைத் துடைக்கிற துடைப்பைப் பார்த்தால், மனைவி பிரிஜிட்டே கொஞ்சம் பொறாமைப்படுவாள்.

இறுதியாண்டில் மதிப்பீடு என்று ஒரு பாடம். மனிதர்களின் கவனம், நினைவாற்றல் இவற்றைச் சோதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரை வைத்துப் பழகி, பெயரை மாற்றி அறிக்கை எழுதித் தர வேண்டும். முடிவை அவரிடம் சொல்லக் கூடாது, ஏனென்றால் இது வெறும் பயிற்சி. வகுப்புத் தோழர்கள் யார் யாரையோ தேடி அலைந்தபோது செலினா சோம்பேறித்தனமாக, வீட்டிலேயே ஆள் இருக்கிறாரே என்று நினைத்தாள். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பது இதுதான்.

சனிக்கிழமை காலை, பசியாறி முடித்ததும் சாப்பாட்டு மேசையிலேயே அப்பாவை உட்கார வைத்தாள். அம்மா உள்ளே தையல் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு வார்த்தை சொல்றேம்ப்பா. திருப்பிச் சொல்லணும். அப்புறமா மறுபடியும் கேப்பேன்."

"பரிச்சையா? நான் தமிழ்ப் பள்ளியிலேயே கடைசி பெஞ்சு."

"துணி. மாம்பழம். ஆலயம். சக்கரம். மழை."

அப்பா பள்ளிப் பிள்ளைபோலக் கைகட்டிக்கொண்டு ஐந்தையும் திருப்பிச் சொன்னார். செலினா சிரித்தாள். பிறகு வேறு சில கேள்விகள் கேட்டாள். இது என்ன மாதம் என்றதற்கு அவர் சுவரில் நாட்காட்டியைத் தேடினார். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னபோது இரண்டு முறை கழித்துவிட்டு, எதைக் கழிப்பது என்று அவளிடமே கேட்டார். வயதானால் எல்லாருக்கும் இப்படித்தான், பரவாயில்லை என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"சரிப்பா. மொதல்ல சொன்ன அஞ்சு வார்த்தை?"

"எந்த அஞ்சு வார்த்தை?"

"நான் சொன்னேனே. நீங்ககூடத் திருப்பிச் சொன்னீங்களே."

அவர் அவளைப் பார்த்தார். அது வார்த்தைகளைத் தேடுகிற பார்வை இல்லை. அப்படி ஒன்று நடந்ததாகவே அவருக்குத் தெரியவில்லை.

"நீ ஒண்ணும் சொல்லலியே மா. இப்பத்தானே வந்து ஒக்காந்த."

செலினா உதவிக்காக, ஒன்று பழம் என்றாள். "வாழைப்பழம்" என்றார். சாமி கும்பிடுகிற இடம் என்றாள். எதற்குக் கேட்கிறாள் என்றே புரியாமல் புன்னகை செய்தார். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ரொம்ப நல்லா செஞ்சீங்கப்பா" என்றாள். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பேருந்தைத் துடைக்கப் போய்விட்டார்.

படிக்காதவளாக இருந்திருந்தால், வயசாகுது என்று சொல்லி ஒரு கோப்பைத் தேத்தண்ணீரோடு மறந்திருப்பாள். படித்ததுதான் வினையாகப் போனது. வார்த்தை மறந்துபோவது ஒரு வகை. வார்த்தை சொன்னதே மறந்துபோவது இன்னொரு வகை. அந்த இரண்டாவது வகைக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. அதைப் பரீட்சைக்காகக் கோடு போட்டுப் படித்தபோது அவளுக்குப் பயமே வந்ததில்லை. அதில் வருகிற நோயாளிகளுக்கு அப்போது முகம் இருக்கவில்லை.

மனசு என்னென்னவோ சமாதானம் தேடியது. தூக்கம் போதவில்லை. காது மந்தம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், படிக்கிறவள் கண்ணுக்குப் பார்ப்பவனெல்லாம் நோயாளி. அதற்கெல்லாம் மேலே, அப்பா தினமும் சாயங்காலம் ஜெபமாலையை முன்சொல்லி நடத்துகிறவர். ஒரு பிசகு வராது. அன்னை மரியாளின் பிரார்த்தனையை மனப்பாடமாக, ஒரு வரி தவறாமல், புத்தகம் இல்லாமல் சொல்வார். இவ்வளவும் நினைவில் இருக்கிறவருக்கா மறதி? சின்ன வயதில் ஊறியது கடைசிவரை போகாது, நேற்றையதுதான் முதலில் போகும் என்று அதே அத்தியாயம் சொல்லியிருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் அவள் நினைக்க மறுத்தாள்.

அன்று சாயங்காலம் ஜெபமாலையில் உட்கார்ந்தபோது முதல் முறையாக அவள் வேண்டுவதற்குப் பதில் கவனித்தாள். அப்பா முன்பாதியைச் சொல்ல, அம்மாவும் அவளும் பின்பாதியைச் சொல்வது வழக்கம். முன்சொல்கிறவரை யாரும் இடையில் நிறுத்த மாட்டார்கள், அது மரியாதை. ஐந்து தேவ இரகசியங்களில் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. பத்து மணிகள் உருண்டு முடிந்தன. அப்பா ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு மறுபடியும், "மூன்றாம் தேவ இரகசியம்" என்றார்.

செலினா நிமிர்ந்து பார்த்தாள். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். ஒரு நொடிகூடத் தயங்காமல், கொஞ்சம் சத்தமாகவே பின்பாதியைச் சொன்னாள். பழகிய குரல் அது.

பிறகு அடுப்படியில் செலினா மெதுவாகக் கேட்டாள். "அம்மா, அப்பா மூணாவதையே ரெண்டு தடவ சொன்னாரு."

"சொன்னா என்னா? மாதா வேணாம்னா சொல்லப் போறாங்க?"

"இது மொத தடவயா?"

அம்மா கீரையைக் கழுவியபடியே இருந்தாள். கழுவிய கீரையையே திரும்பக் கழுவினாள். "ஒனக்குப் பரிச்சை வருதுல்ல, போய்ப் படி. படிப்ப முடி மொதல்ல" என்றாள்.

பல்கலைக்கழகத்தில் டாக்டர் தாரணி அவளுடைய ஆய்வு மேற்பார்வையாளர். தமிழும் ஆங்கிலமும் கலந்து வேகவேகமாகப் பேசுவார், மாணவர்களின் அறிக்கையைப் படிக்கும்போது நகம் கடிப்பார். மிஸ்டர் ஜே என்று பெயர் மாற்றிய அறிக்கையைப் படித்தபோது நகம் கடிப்பதை நிறுத்திவிட்டார்.

"இவருக்கு என்ன வயசு, செலினா?"

"ஐம்பத்தொன்பது, டாக்டர்."

"நாம கிளினிக்கல் ஆளுங்க இல்ல. இத வச்சி நோயின்னு சொல்ற உரிமை ஒனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. ஆனா இவர் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். குடும்பத்துக்கிட்ட நான் பேசட்டுமா?" என்றவர், எதையோ யோசித்து நிமிர்ந்தார். "ஒண்ணு கேக்கணும். இவர் வண்டி ஓட்டுறாரா?"

ஆமாம் என்றால் அன்றைக்கே அப்பாவின் சாவி போய்விடும். அந்தத் துண்டும் மாதா படமும் துடைத்துத் துடைத்துப் பளபளக்கிற பேருந்தும் இல்லாத அப்பாவை அவளால் கற்பனை செய்ய முடியவில்லை.

"இல்ல டாக்டர். வீட்லதான் இருக்காரு."

"தேங்க் காட். ஓட்டுறாருன்னு சொல்லியிருந்தா எனக்கே தூக்கம் வந்திருக்காது."

டாக்டர் தாரணி நன்றாகத் தூங்கியிருப்பார். செலினாவுக்குத்தான் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் பேருந்து. பேருந்துக்குள் தூங்கி வழிகிற பெண்கள். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது வெளியே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். பேருந்து வாசலில் திரும்பி நிற்கிற சத்தம் கேட்கும்வரை அவளால் ஒரு வாய் சோறு இறக்க முடியவில்லை. கேட்டதும், இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசு நழுவும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம்தான், ஆனாலும் நாளை, நாளை என்று தள்ளிப்போட்டாள்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். அவர் ஓட்டுவதைக் கண்ணால் பார்த்துவிடுவது. சரியாக ஓட்டினால் மெதுவாகப் பேசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, இல்லாவிட்டால் அன்றைக்கே நிறுத்துவது. ஆய்வேட்டைச் செங்கில் ஒரு கடையில் பைண்டிங் செய்யக் கொடுக்கணும், நானும் வரேன் என்று சொல்லி ஒரு மதியம் பேருந்தில் ஏறினாள். அம்மா வாசல்வரை ஓடி வந்து எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "பாத்துப் போங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

பெண்கள் இடத்துக்கிடம் ஏறினார்கள். "அங்கிள் மகளா? படிக்கிறவங்களா?" என்று எல்லாரும் சிரித்தார்கள். தோட்டத்து முச்சந்தியில் கமலவேணி ஏறினாள். நாற்பது வயதுக்கு மேலிருக்கும், தொழிற்சாலையில் ஒரு பிரிவுக்கு லீடர். அப்பாவுக்குப் பக்கவாட்டில், கதவை ஒட்டி இருக்கும் தனி இருக்கை அவளுடையது என்பது அவள் வந்த தோரணையிலேயே தெரிந்தது. அங்கே செலினா உட்கார்ந்திருந்தாள். எழப்போனவளைக் கமலவேணி தோளைத் தட்டி அமர்த்தினாள்.

"ஒக்காரு ஒக்காரு. மகளே வந்தாச்சி, இன்னிக்கி எனக்கு லீவு. நான் பின்னால போய் நிம்மதியா தூங்குறேன்."

தன்னைவிட மூத்தவள் தனக்காக இருக்கையை விட்டுக்கொடுத்ததில் செலினாவுக்குக் கூச்சமாக இருந்தது. "தேங்க்ஸ் ஆண்ட்டி" என்றாள். அந்த இருக்கைக்கு ஒரு வேலை உண்டு என்பது அவளுக்குத் தெரியாது. தெரியாதென்பது கமலவேணிக்குத் தெரியாது.

அப்பா அழகாக ஓட்டினார். அதுதான் உண்மை. கை தானாகக் கியரைத் தேடிப் போனது, கால் தானாக அளந்து மிதித்தது. மோட்டார் சைக்கிளில் குறுக்கே வந்த பையனுக்கு இடம் விட்டு, வளைவில் வேகத்தைக் குறைத்து, எதிரே வந்த லாரிக்காரருக்குக் கை காட்டினார். செலினாவின் இறுகிய தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. நான்தான் பைத்தியக்காரி, பாடப்புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்று நினைத்தாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு முதல் முறையாக அவளுக்குப் பசித்தது.

நெடுஞ்சாலை வந்தது. பின்னால் பெண்கள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள், மீதிப் பேர் கைப்பேசியில். செங் என்று எழுதிய பச்சைப் பலகை தூரத்தில் தெரிந்தது, நெருங்கியது, பக்கவாட்டில் கடந்துபோனது.

அடுத்த திருப்பமாக இருக்கும் என்று செலினா நினைத்தாள். அவள் அந்தத் தொழிற்சாலைக்குப் போனதில்லை. அப்பாவுக்குத் தெரியாத பாதையா? இன்னொரு திருப்பமும் வந்தது, அதிலும் திரும்பவில்லை. வேறு ஒரு சாலையில் இறங்கினார். வழியெல்லாம் செம்பனை. பிறகு எண்ணெய் டாங்கர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிரே வரத் தொடங்கின.

"ப்பா, செங் தாண்டிடுச்சா?"

"செங்குல என்னா வேல?" அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரிஃபைனரிக்குல்ல போறோம். லேட்டா போனா அந்த மண்டோர் கத்துவான்."

மண்டோர் யார் என்று அவளுக்குத் தெரியும். சுங்கை ஊடாங் ஆலை எழும்பிய காலத்தில் தினமும் கத்திக்கொண்டிருந்த கங்காணி, அப்பா சொல்லும் பழைய கதைகளில் வருகிறவன். அவன் செத்தே பல வருடம் ஆகிவிட்டது.

"ப்பா, ஓரமா நிறுத்துங்கப்பா."

"இந்தா வந்துட்டோம். கேட்டு இங்கதான்."

அவர் வேகத்தைக் குறைத்துச் சாலையின் வலப்பக்கம் பார்த்தார். அங்கே கேட் இல்லை. நீளமான கம்பி வேலியும் அதன் பின்னால் வானுயர்ந்த குழாய்களும்தான் இருந்தன. அவர் முகத்தில் ஒரு குழப்பம் பரவியது. இருந்தாலும் கை பழைய பழக்கத்தில் வலப்பக்கம் ஒடித்தது. பேருந்து எதிர்ச்சாலையில் குறுக்காக ஏறி, வேலிக்கு முன்னால், இரண்டு பக்கப் போக்குவரத்தையும் மறித்துக்கொண்டு நின்றது. இஞ்சின் ஒரு குலுக்கலோடு அணைந்தது.

அப்பா கியர்த் தண்டைப் பார்த்தார். அதைத் தொட்டார், பிறகு கையை எடுத்துக்கொண்டார். யாருடைய வண்டியிலோ தவறி ஏறி உட்கார்ந்துவிட்டவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

"இது எப்படி மா?" என்றார்.

எதிரே டாங்கர் வந்துகொண்டிருந்தது. அதன் ஹாரன் செவியைக் கிழித்தது. பின்னால் பெண்கள் விழித்துக்கொண்டு அலறினார்கள். யாரோ முருகா என்றாள், யாரோ யேசுவே என்றாள். என்ன செய்ய வேண்டும் என்று நான்கு வருடப் படிப்பில் ஒரு வரிகூடச் செலினாவின் நினைவுக்கு வரவில்லை. "ப்பா! ப்பா!" என்று மட்டும் கத்தினாள். அவள் கத்தக் கத்த அவர் இன்னும் மிரண்டார், ஸ்டியரிங்கிலிருந்தே கையை எடுத்துவிட்டார்.

இருக்கைகளைப் பிடித்துத் தள்ளாடியபடி கமலவேணி முன்னால் ஓடி வந்தாள். ஓடி வந்த வேகத்துக்கும் அவள் குரலுக்கும் சம்பந்தமே இல்லை. நாள்தோறும் பேசுகிற குரலில், சந்தையில் மீன் விலை கேட்பதுபோல நிதானமாகப் பேசினாள்.

"அண்ணே. கிளட்ச மிதிச்சி சாவியத் திருப்புங்க. ஆங். கிளட்ச விடாதீங்க. ஒண்ணாவது கியரு. அவ்வளவுதான். முன்னுக்கு எடுங்க, அந்தப் புல்லு மேல. மெல்ல, மெல்ல. நல்லாருக்கு."

அந்தக் குரலுக்கு அவர் கையும் காலும் கீழ்ப்படிந்தன. பேருந்து முன்னே உருண்டு புல்வெளியில் ஏறியது. அதன் பின்பக்கத்தை உரசாத குறையாக டாங்கர் கடந்தது. காற்று அடித்து ஜன்னல்கள் எல்லாம் அதிர்ந்தன.

கமலவேணி செலினாவின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"ஏன் சொல்லல நீ? அந்த சீட்டுல ஒக்காந்தா சொல்லணும்ல!"

"என்ன சொல்லணும்?"

"வழிய! எந்த சிம்பாங்ல திரும்பணும்னு. ஒரு வருசத்துக்கு மேல நான்தானே சொல்லிட்டு வரேன். நான் லீவுன்னா செர்காம்ல ஏறுற பொண்ணு சொல்லும். நீ மக, ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்னுதானே எடத்த விட்டேன்!"

செலினா புல்லில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வருடத்துக்கு மேல். பேருந்து முழுக்கத் தெரிந்திருக்கிறது. மூன்றாம் இரகசியத்துக்கு அம்மா இரண்டாம் முறை பதில் சொன்னதுபோல, இவர்களும் முன்சொல்கிறவரை நிறுத்தாமல் கூடவே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"ஆளுங்க உசுரு, ஆண்ட்டி" என்றாள். அழுகை முட்டியது. "செத்திருப்போம் எல்லாரும்."

"தெரியாமயா இருக்கு?" கமலவேணியும் அழுதாள். "எனக்கு வலி வந்தப்ப இந்த பஸ்சுலதான் என்னைப் போட்டுக்கிட்டுப் பறந்தாரு. செவப்பு லைட்டு ஒண்ணையும் பாக்கல. எம் மகன் உசுரோட இருக்கான். அந்த மனுசன்கிட்ட போய், நீங்க எறங்குங்கன்னு யாரு சொல்றது? ஒங்கம்மா வந்து கையப் பிடிச்சிக்கிட்டு அழுதாங்க. இன்னும் கொஞ்ச நாளுதான், எம் பொண்ணு படிச்சி முடிச்சிடுவா, அவ தலை டாக்டரா வந்ததும் சரி பண்ணிடுவா, அதுவரைக்கும் அவளுக்குத் தெரிய வேணாம், படிப்பு கெட்டுப் போயிடும்னு."

தான் படிப்பது வைத்தியம் இல்லை என்று செலினா வீட்டில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். சொன்னபோதெல்லாம் அம்மா பெருமையாகத் தலையாட்டியிருக்கிறாள். அந்தத் தலையாட்டலுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய நம்பிக்கை உட்கார்ந்திருக்கிறது என்று மனசைப் படிக்கிற இந்தப் படிப்பாளிக்குத் தெரியவில்லை.

தொழிற்சாலையிலிருந்து வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போனது. போகும்போது ஒவ்வொருத்தியும், "போய்ட்டு வரோம் அங்கிள்" என்று வழக்கம்போலச் சொன்னார்கள். பேருந்தை ஓட்டிப் போகச் சித்தப்பா மகன் பிரான்க்ளின் வருவதாகச் சொல்லியிருந்தான். அதுவரை அப்பாவும் மகளும்தான். அவர் ஓட்டுநர் இருக்கையிலேயே இருந்தார். அவள் அந்த முன் இருக்கையில் உட்கார்ந்தாள். சாவியை எப்படிக் கேட்பது என்று அவள் தவித்துக்கொண்டிருந்தபோது, அவராகவே அதைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். இப்போது அவர் கண் தெளிந்திருந்தது.

"பொம்பளப் புள்ளைங்கள சாவடிக்கப் பாத்தேன்ல?"

"ஒண்ணும் ஆகலப்பா."

"அந்தக் கண்காட்சியில நான் ஏன் அப்படிக் கேட்டேன் தெரியுமா?" வேலியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதுக்குக் கொஞ்ச நாளு முன்ன, நம்ம வீட்டுக்கு வழி தெரியாம பாசார் பக்கத்துல வண்டிய நிறுத்திட்டு ஒக்காந்திருந்தேன் மா. ஜாசின்ல, நம்ம ஊருல. யாருகிட்டயும் சொல்லல. பயம். ராத்திரில எழுந்து ஒங்க பேரெல்லாம் சொல்லிச் சொல்லிப் பாப்பேன். நீ மறதியப் பத்திப் படிச்சா மருந்து தெரிஞ்சிருக்கும்ல, அதுவரைக்கும் தாக்குப் பிடிச்சிடலாம்னு நெனச்சேன்." அவர் திரும்பினார். "இப்பதான் படிப்பு முடியுதே. சொல்லு. இத எப்படி சரி பண்றது?"

இத்தனை நாள் அவள் பயந்ததெல்லாம் இந்தக் கேள்விக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பதில் அவளுக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம், சரியாயிடும்ப்பா என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் டாக்டர் தாரணியிடம் சொன்ன ஒரு பொய், ஒரு பேருந்து நிறையப் பெண்களை இந்தச் சாலையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

"நாளைக்கி ஆஸ்பத்திரிக்குப் போவோம்ப்பா. வேற காரணம்கூட இருக்கலாம், அத டாக்டருங்கதான் சொல்லணும்." அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா நான் நெனைக்கிற நோயா இருந்தா முழுசா சரியாகாதுப்பா. மருந்து வேகத்தக் கொறைக்கும், அவ்வளவுதான். என் படிப்பால இத சரி பண்ண முடியாது. யாராலயும் முடியாது."

அவர் துண்டை எடுத்து ஸ்டியரிங்கைத் துடைத்தார். பிறகு அதே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப பஸ்சு?"

"இனிமே ஓட்ட வேணாம்ப்பா."

"சரி" என்றார். "சரி மா." அவர் தோள் குலுங்கியது. இருபத்து மூன்று வருடத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அவள் எழுந்து அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு தானும் அழுதாள். அவ்வளவு அழுகைக்கு நடுவிலும் ஒரு சின்ன நிம்மதி அவளுக்கு. சொல்லியாயிற்று. கொடுமையான ஒன்று, ஆனால் முடிந்தது.

சாலையில் டாங்கர்கள் போய்க்கொண்டிருந்தன. பிரான்க்ளின் கைப்பேசியில் அழைத்து, பாயா ரும்புட்வரை வந்துவிட்டேன், இன்னும் கொஞ்ச நேரம்தான் என்றான். அவள் பேசி முடித்துவிட்டுத் திரும்பினாள். அப்பா கண்ணாடிக்கு மேலிருந்த மாதா படத்தின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். அழுத தடம் முகத்தில் காய்ந்திருந்தது, ஆனால் முகம் வெளிச்சமாக இருந்தது. அவளைப் பார்த்ததும் ஏதோ ஞாபகம் வந்தவர்போலப் புன்னகைத்தார்.

"செலினா, ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன் மா. ஒன் படிப்புதான் முடியப் போகுதே. எனக்கு இந்த மறதி வருது பாரு." கொஞ்சம் வெட்கத்தோடு குரலைத் தாழ்த்தினார். "இத எப்படி சரி பண்றது?"

சற்றுமுன் இருந்த அதே நம்பிக்கை, துளிகூடக் குறையாமல் அவர் கண்ணில் இருந்தது. இதைத் திரும்பவும் உடைக்க வேண்டும். நாளைக்கும் உடைக்க வேண்டியிருக்கலாம். கேட்கிறவருக்கு ஒவ்வொரு முறையும் அது முதல் முறையாகவே வலிக்கும். சாவி உள்ளங்கையில் குத்தியது. இறுக்கிப் பிடித்திருப்பது அப்போதுதான் தெரிந்தது.

"சொல்றேம்ப்பா" என்று அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு அவர் கையை மறுபடியும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்பதிலிருந்து ஆரம்பித்தாள்.